சாயம் ஓடாத துணி: வீட்டிலேயே செய்யக்கூடிய ஓர் அச்சுத் தொழில்



"ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க மாட்டானா?" என்று நம் உம்மாமார் கேட்பார்கள். வட்டிலப்பத்தை அவித்து இறக்கிய சூட்டோடு வெட்டினால் அது குழைந்து போகும். ஒரு மணித்தியாலம் பொறுத்தால் துண்டு துண்டாக அழகாக வரும். வீட்டில் துணி அச்சிடும் தொழிலுக்கும் இந்தப் பழமொழிதான் முதல் பாடம். அதைப் படிப்பதற்கு நான் 3 டசின் துணியையும், அதைவிடப் பெறுமதியான ஒன்றையும் செலவழித்தேன். அந்தக் கதையை முதலில் சொல்லிவிட்டுத் தொழிலுக்கு வருகிறேன்.

மாத்தளையில் நான் புடவைக் கடை நடத்தத் தொடங்கி நீண்ட காலம் ஆகிறது. சில வருடங்களுக்கு முன்னர் உக்குவளைப் பக்கத்தைச் சேர்ந்த ஒரு சகோதரி, தன் வீட்டில் தானே அச்சிட்ட கொட்டன் சால்வைகள் சிலவற்றைக் கொண்டு வந்து காட்டினார். வெள்ளைத் துணியில் கருநீலத்தில் மிளகுக் கொடி. கையில் எடுத்தால் துணி துணியாகவே இருந்தது. பெயின்ட் பூசியது போன்ற விறைப்பு இல்லை. நோன்புப் பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. 3 டசினுக்கு ஓடர் கொடுத்தேன். பெருநாளுக்கு முந்திய வியாழக்கிழமை கடையில் சாமான் இருக்க வேண்டும் என்றேன்.

"நானா, புதன்கிழமைதான் கடைசித் துணி அடிச்சி முடியும். அத ஒரு நாள் பொலித்தீன்ல சுத்தி வெக்கோணும். பொறகு நல்லாக் கழுவிக் காய வெக்கோணும். சனிக்கிழமை தாரன்" என்றார்.

"தங்கச்சி, சனிக்கிழமை வந்தா யாரு வாங்குற? அடிச்ச அன்டைக்கே கழுவித் தாங்க" என்றேன் நான்.

அவர் ஓடரை இழக்க விரும்பவில்லை. கடைசி ஒன்றரை டசினையும் புதன்கிழமை காலையில் அச்சிட்டு, அன்று பின்னேரமே கழுவி, ஈரம் காயக் காய மடித்துத் தந்தார். வியாழக்கிழமை கடைக்கு வந்தது. சனிக்கிழமைக்குள் எல்லாம் விற்றுத் தீர்ந்தது.

பெருநாள் கழிந்து மூன்றாம் நாள் ஒரு தாய் மகளையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். பிள்ளை வெள்ளை உடுப்புக்கு மேல் நம் சால்வையைப் போட்டுக்கொண்டு உறவினர் வீட்டுக்குப் போயிருக்கிறாள். வழியில் சிறு தூறல். வெள்ளை உடுப்பின் தோள் இரண்டிலும் நீலம் ஊறியிருந்தது. சால்வைக்கும் உடுப்புக்கும் காசைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த ஒரு கிழமைக்குள் 11 சால்வைகள் திரும்பி வந்தன.

காசு போனது பெரிதல்ல. "அவ அடிக்கிற துணி சாயம் போகுது" என்று ஊரில் கதை பரவியது. "முதலாளி அவசரப்படுத்தினார்" என்று ஒருவரும் சொல்லவில்லை. நாலு மாதம் அந்தச் சகோதரியின் ஸ்கிறீன் சுவரோடு சாய்ந்து கிடந்தது. ஒரு வீட்டின் வருமானம் நின்றது. பிழை என்னுடையது. அவரிடம் கற்றதையும், அதன் பின்னர் நான் தேடி அறிந்ததையும் இந்த வாரம் உங்களுக்குத் தருகிறேன். வீட்டிலிருந்து இந்தத் தொழிலைத் தொடங்க நினைக்கும் சகோதரிகளுக்கும், அவர்களிடம் சாமான் எடுக்கும் என்போன்ற வியாபாரிகளுக்கும் இது பயன்படும்.

பூச்சு வேறு, சாயம் வேறு

துணியில் அச்சிடுவதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, நிறத்தூளை ஒட்டும் பசையோடு கலந்து துணியின் மேல் பூசுவது. ரீ-ஷேர்ட்டில் காண்பது பெரும்பாலும் இதுதான். இது இலகு. ஆனால் நிறம் துணியின் மேலே இருக்கும், கை வைத்தால் தெரியும். மற்றது, நூலுக்குள் போய்ப் பிடிக்கும் சாயத்தைப் பசை போலத் தடிப்பாக்கி அச்சிடுவது. துணியின் மென்மை மாறாது. சால்வை, துப்பட்டா, படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு போன்றவற்றுக்கு இதுவே பொருத்தம்.

இதற்குப் பாவிப்பது "ரியாக்டிவ்" சாயம். 1956ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. கம்பனி "புரோசியன்" என்ற பெயரில் இதை முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முந்திய பல சாயங்கள் நூலில் தங்கி நின்றன. இதுவோ நூலோடு இரசாயன முறையில் பிணைந்து அதன் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது. பிணைந்த சாயத்தைச் சவர்க்காரம் பிரிக்காது. ஆனால் பிணைவதற்கு மூன்று விடயங்கள் வேண்டும்: சோடா, ஈரம், நேரம். முதல் இரண்டையும் கடையிலும் குழாயிலும் பெறலாம். மூன்றாவதை ஒருவரும் விற்பதில்லை.

வாங்கும்போது குளிர்ச் சாயமா, சூட்டுச் சாயமா என்று கேட்டு வாங்குங்கள். புரோசியன் எம்.எக்ஸ். வகை சாதாரண வெப்பத்திலேயே பிடிக்கும். எச். வகைக்கு ஆவியில் அவிக்க வேண்டும். வீட்டுக்கு முதலாவதே நல்லது.

துணியைத் தெரிந்து வாங்குங்கள்

சாயம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பொலியெஸ்டரில் பிடிக்காது. கொட்டன், லினன், விஸ்கோஸ், பட்டு ஆகியவற்றில் பிடிக்கும். பொலியெஸ்டர் கலந்த ரீ.சீ. துணியில் கொட்டன் பங்கு மட்டும் நிறமேறும், ஆகவே வெளிறித் தெரியும். சந்தேகம் என்றால் ஓரத்தில் இரண்டு நூலை உருவி எரித்துப் பாருங்கள். கொட்டன் காகிதம் எரிவது போல மணந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாக இறுகும். புடவைக்காரன் என்ற முறையில் சொல்கிறேன், லேபலை நம்புவதை விட இந்த இரண்டு நூலை நம்பலாம்.

புதுத் துணியில் மில்லில் போட்ட கஞ்சி இருக்கும். அது இருந்தால் சாயம் நூலுக்குள் போகாது. சுடுதண்ணீரில் சவர்க்காரமும் சிறிது சலவைச் சோடாவும் போட்டுக் கழுவிக் காய வைத்து, இஸ்திரி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கழுவினால் துணி சுருங்கும். அதையும் சேர்த்து அளந்து வெட்டுங்கள்.

பசை தயாரித்தல்

சாயத்தைத் தடிப்பாக்குவதற்கு சோடியம் அல்ஜினேற் என்ற தூள் வேண்டும். இது கபில நிறக் கடற்பாசியிலிருந்து எடுக்கப்படுகிறது. நோன்பு காலத்தில் நாம் காய்ச்சும் கடற்பாசி வேறு இனம், அது இதற்கு உதவாது. "கோதுமை மாவைக் காய்ச்சிப் போட்டால் என்ன?" என்று பலர் கேட்கிறார்கள். போடக்கூடாது. பருத்தியும் மாவும் இரசாயன முறையில் நெருங்கிய உறவினர். சாயம் துணியைப் பிடிப்பதற்குப் பதிலாக மாவைப் பிடித்துக்கொள்ளும். கழுவும்போது மாவோடு நிறமும் போய்விடும். அல்ஜினேற்றோடு சாயம் அவ்வாறு சேர்வதில்லை. அதனால்தான் விலை கூடினாலும் அதைப் பாவிக்கிறார்கள்.

1 லீற்றர் பசைக்கு அளவு இதுதான். இளஞ்சூடான தண்ணீர் 1 லீற்றரில் யூரியா 100 கிராமைக் கரையுங்கள். அல்ஜினேற் 30 முதல் 40 கிராம் வரை எடுத்து, கட்டி பிடிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்குங்கள். ஓர் இரவு வைத்தால் கட்டிகள் தானாகவே கரையும். பாணிப் பதத்தை விடச் சற்றுத் தடிப்பாக, கரண்டியிலிருந்து மெதுவாக வழியும் பதத்தில் இருக்க வேண்டும். அல்ஜினேற்றில் பல தரங்கள் உண்டு. ஆகவே அளவைப் பதம் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

யூரியா எதற்கு? அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். துணி சீக்கிரம் காய்ந்தால் சாயம் பிணைவது நின்றுவிடும். 2021ஆம் ஆண்டு இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டபோது விவசாயிகளோடு சேர்ந்து இந்தத் தொழில் செய்தவர்களும் யூரியாவுக்கு அலைய நேர்ந்தது. எப்போதும் ஒரு கிலோவைக் காற்றுப் புகாமல் கட்டி வைத்துக்கொள்வது நல்லது.

தண்ணீரையும் கவனியுங்கள். தம்புள்ளை, கலேவெலப் பக்கம் பல கிணறுகளில் தண்ணீர் கடினமானது. அதிலுள்ள கல்சியம் அல்ஜினேற்றைத் திரள வைக்கும். அங்குள்ளவர்கள் மழைத்தண்ணீரைச் சேமித்துப் பாவிக்கலாம்.

ஒரு கோப்பை, அதாவது 250 மில்லிலீற்றர் பசைக்கு, இளம் நிறத்துக்குச் சாயம் 3 கிராம், கடும் நிறத்துக்கு 12 கிராம் வரை போதும். சாயத்தைச் சிறிது தண்ணீரில் கரைத்த பின்னரே பசையில் சேருங்கள். கடைசியாகச் சோடா. அப்பச்சோடா 4 பங்கு, சலவைச் சோடா 1 பங்கு கலந்து வைத்துக்கொண்டு, ஒரு கோப்பைக்கு 1 தேக்கரண்டி சேர்க்க வேண்டும். சோடா சேர்ந்த நிமிடத்திலிருந்து சாயம் தண்ணீரோடும் சேர்ந்து தன் வலுவை இழக்கத் தொடங்கும். ஏறக்குறைய 4 மணித்தியாலத்துக்குள் அச்சிட்டு முடியுங்கள். மிஞ்சிய பசையை நாளைக்கு வைத்துப் பாவித்தால் அது துணியில் நிற்காது. அன்றைக்கு வேண்டிய அளவுக்கு மட்டும் சோடா கலப்பதுதான் சிக்கனம். சோடா சேராத பசையைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். ஆனால் சாப்பாட்டுச் சாமானோடு வைக்க வேண்டாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்தச் சாயத் தூள் சுவாசத்தில் போனால் சிலருக்குக் காலப்போக்கில் ஆஸ்துமா உண்டாகிறது. தூளை நிறுக்கும்போது காற்றாடியை நிறுத்தி, முகக்கவசமும் கையுறையும் அணிந்து, ஈரமான காகிதத்தின் மேல் வைத்து அளவெடுங்கள். பிள்ளைகள் அருகில் இருக்கக்கூடாது. இதற்குப் பாவித்த கரண்டியும் கோப்பையும் திரும்பச் சமையலறைக்குப் போகக்கூடாது.

ஸ்கிறீனும் மேசையும்

உறுதியான மரச் சட்டம் ஒன்றில் மெல்லிய பொலியெஸ்டர் வலைத் துணியை மேளத்தோல் போல இழுத்து ஆணி அடித்தால் ஸ்கிறீன் தயார். கடையில் கேட்பதானால், ஒரு சென்ரிமீற்றருக்கு 43 நூல் உள்ள வலை இந்தப் பசைக்குப் பொருந்தும். பழகுவதற்கு ஜன்னல் திரைக்குப் போடும் மெல்லிய வொயில் துணியே போதும். சட்டத்தின் ஓரங்களை உள்ளும் புறமும் அகலமான ரேப்பால் ஒட்டுங்கள். பசையை இழுப்பதற்கு இறப்பர் விளிம்புள்ள பலகை ஒன்று வேண்டும்.

மேசையில் பழைய கம்பளி ஒன்றை விரித்து, மேலே பொலித்தீனும் அதற்கு மேல் பழைய விரிப்பும் போடுங்கள். அடியில் மெத்தென்று இருந்தால்தான் அச்சு எல்லா இடத்திலும் ஒரே அளவாக விழும். துணி நகராமல் நாலு மூலையிலும் ஒட்டுங்கள். ஸ்கிறீனை வைத்து, ஓர் ஓரத்தில் பசையை ஊற்றி, பலகையைச் சரித்துப் பிடித்து ஒரே சீராக இரண்டு முறை இழுங்கள். வேலை முடிந்தவுடன் ஸ்கிறீனைத் தண்ணீரில் கழுவ வேண்டும். காய்ந்த பசை வலையின் கண்களை அடைத்துவிடும்.

பூ விழ வேண்டிய இடமும், விழக்கூடாத இடமும்

சாயம் படக்கூடாத இடத்தை மறைப்பதற்குப் பெயர் தடுப்பு. பெரிய செலவில்லாத மூன்று தடுப்புகளைச் சொல்கிறேன்.

முதலாவது காகிதம். பத்திரிகைத் தாளில் கொடியையோ கட்டங்களையோ வெட்டி, துணிக்கும் ஸ்கிறீனுக்கும் இடையில் வைத்து ஒருமுறை இழுத்தால், பசையின் ஈரத்தில் தாள் ஸ்கிறீனோடு ஒட்டிக்கொள்ளும். பின்னர் தாள் ஊறிக் கிழியும் வரை பல துணிகளுக்கு அச்சிடலாம். உக்குவளைச் சகோதரியின் மிளகுக் கொடி இவ்வாறுதான் பிறந்தது. தட்டையான பன்ன இலையைக்கூடக் காகிதத்துக்குப் பதிலாக வைக்கலாம். இலை இருந்த இடம் வெள்ளையாக நிற்கும்.

இரண்டாவது மாஸ்கிங் ரேப். ஸ்கிறீனின் அடிப்புறத்தில் ஒட்டினால் கோடுகளும் கட்டங்களும் கூர்மையாக வரும். தொடங்குபவர்களுக்கு இது மிக நல்லது.

மூன்றாவது மாப்பசை. பசைக்குள் போடக்கூடாது என்று சொன்ன அதே மா, தடுப்பாகப் பயன்படும்போது நண்பனாகிறது. கோதுமை மாவையும் தண்ணீரையும் சம அளவில் கட்டியில்லாமல் கரைத்து, துணியில் நேரே கோலம் போல வரைந்து நன்றாகக் காய விடுங்கள். அதன் மேல் தடித்த சாயத்தை ஸ்கிறீனால் இழுத்தால் மா இருந்த இடத்தில் சாயம் உள்ளே போகாது. காய்ந்த மாவில் வெடிப்பு விழுந்தால் அந்த வெடிப்பு வழியாக மெல்லிய கோடுகள் ஓடும். அதுவும் ஓர் அழகுதான்.

மேற்கு ஆபிரிக்காவின் நைஜீரியாவில் யொரூபாப் பெண்கள் இந்த வேலைக்கு மரவள்ளி மாவைப் பாவித்தார்கள். நாம் மஞ்ஞொக்கா என்று சொல்லும் அதே கிழங்குதான். அதன் மாவைக் களியாகக் காய்ச்சி, கோழி இறகால் துணியில் வரைந்து, காய்ந்த பின்னர் அவுரிச் சாயத்தில் தோய்ப்பார்கள். "அதிரே எலேக்கோ" என்று அந்தத் துணிக்குப் பெயர். யப்பானில் பசையரிசி மாவும் தவிடும் கலந்து, வெட்டிய காகிதத்தின் வழியாகத் துணியில் பூசுவார்கள். தங்கள் தோட்டத்தில் எது விளைந்ததோ அதையே அவர்கள் தடுப்பாக்கினார்கள். நம் மாத்தளைத் தோட்டங்களிலும் மரவள்ளி உண்டு.

மாத்தடுப்பில் ஒரு கவனம் வேண்டும். மா ஈரத்தில் இளகும். ஆகவே நீர்த்த சாயத்தில் முக்கி எடுக்க முடியாது. தடித்த சாயத்தை மெல்லியதாக ஒருமுறை இழுத்து, பொலித்தீனால் அழுத்திச் சுற்றாமல், வெயில் படாத இடத்தில் விரித்தபடியே ஒரு நாள் முழுக்க வைக்க வேண்டும். பசையிலுள்ள யூரியா தேவையான ஈரத்தைக் கொடுக்கும்.

அந்த ஒரு நாள்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். காகிதத்தாலும் ரேப்பாலும் அச்சிட்ட துணியைச் சாயம் ஈரமாக இருக்கும்போதே மெல்லிய பொலித்தீனால் மூடி, மடிப்பு ஒன்றோடொன்று படாமல் சுருட்டி, 24 மணித்தியாலம் வைக்க வேண்டும். நம் நாட்டு வெப்பம் இதற்கு ஏற்றது. ரத்தோட்டைக்கு மேலே மலைப்பக்கம் இருப்பவர்கள் மார்கழி, தைக் குளிரில் இரண்டு நாள் வைப்பது பாதுகாப்பு. எம்.எக்ஸ். வகையில் நீலப்பச்சை போன்ற சில நிறங்கள் மெதுவாகப் பிடிப்பவை. அவற்றுக்கும் கூடுதல் நேரம் கொடுங்கள்.

நேரம் இல்லையென்றால் வேறு வழி உண்டு. காய்ந்த துணியைச் சாதாரண வெள்ளைத் தாளோடு சேர்த்துச் சுருட்டி, புட்டு அவிப்பது போல அரை மணித்தியாலம் ஆவியில் வைக்கலாம். மூடியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் துணியில் விழுந்தாலும் அந்த இடம் பரவிக் கெடும். மாத்தடுப்புத் துணிக்கு இந்த வழி ஒத்துவராது. இதற்குத் தனிப் பாத்திரமும் வேண்டும், பழக்கமும் வேண்டும். அவசரத்துக்கு இதைப் புதிதாகத் தொடங்குவது அவசரத்தை இன்னும் கூட்டும்.

இந்த ஒரு நாளில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் எதுவும் நடப்பதில்லை. அதனால்தான் நாம் ஏமாறுகிறோம். அச்சிட்ட ஒரு மணித்தியாலத்திலும் துணி நீலமாகத்தான் இருக்கும், மறுநாளும் நீலமாகத்தான் இருக்கும். வித்தியாசம் நூலுக்குள் இருக்கிறது. அன்று நான் பார்த்தது நிறத்தை மட்டுமே.

கழுவுதலும் வெள்ளைத் துணிப் பரீட்சையும்

முறையாகச் செய்தாலும் சாயம் முழுவதும் பிணைவதில்லை. ஒரு பங்கு பிணையாமல் துணியில் தங்கும். அதைக் கழுவி எடுப்பது உற்பத்தியாளரின் வேலை. வாங்கியவரின் வீட்டில் நடக்க விடக்கூடாது.

முதலில் குளிர்ந்த தண்ணீரில் பசையும் சோடாவும் போகும் வரை அலசுங்கள். மாத்தடுப்பு இருந்தால் ஊறவைத்து விரலால் வழித்து எடுங்கள். அதன் பின்னர் நல்ல சுடுதண்ணீரில் கொஞ்சம் சவர்க்காரம் போட்டு ஊறவைத்துக் கழுவுங்கள். தண்ணீர் தெளியும் வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். கருநீலம், கறுப்பு போன்றவற்றை ஓர் இரவு சுடுதண்ணீரில் ஊறவிட்டு மறுநாள் இன்னொரு முறை அலச வேண்டும்.

பின்னர் பரீட்சை. ஈரமான அச்சுத் துணியின் மேல் சுத்தமான வெள்ளைக் கொட்டன் துண்டை வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் சில விநாடி அழுத்துங்கள். வெள்ளை வெள்ளையாகவே இருந்தால் துணி கடைக்குப் போகலாம். நிறம் ஏறினால் திரும்பத் தண்ணீருக்குப் போக வேண்டும். இன்று என் கடையில் கைத்துணி எடுக்கும்போது நானே இதைச் செய்து பார்க்கிறேன். அன்று இதைச் செய்திருந்தால் அந்தப் பிள்ளையின் வெள்ளை உடுப்பு தப்பியிருக்கும்.

கழுவிய தண்ணீரைக் கிணற்றடியிலோ, சுது கங்கையில் சேரும் கானிலோ ஊற்ற வேண்டாம். கிணற்றுக்குத் தூரமாக ஒரு குழி வெட்டி அதில் விடுங்கள். அயல்வீட்டார் மனம் கோணினால் தொழில் நிலைக்காது.

நேரத்துக்கும் விலை உண்டு

இனிக் கணக்குக்கு வருவோம். 2022இல் டொலர் ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை உயர்ந்ததை நாம் மறக்கவில்லை. சாயம், அல்ஜினேற், நல்ல கொட்டன் எல்லாம் இறக்குமதிதான். வீணாகும் ஒவ்வொரு துணியும் முன்னரை விட அதிகமாக நோகும்.

உதாரணத்துக்கு, ஒரு சால்வைக்குத் துணி, சாயம், கூலி எல்லாம் சேர்த்து 1,000 ரூபா செலவு என்று வைத்துக்கொள்வோம். 10 சால்வைக்கு 10,000 ரூபா. அதில் 1 பழுதானால், மிஞ்சிய 9 சால்வைகளும் அந்த 10,000 ரூபாவைச் சுமக்க வேண்டும். அப்படியானால் ஒன்றின் அடக்கவிலை ஏறக்குறைய 1,111 ரூபா. 10இல் 3 பழுதானால் ஏறக்குறைய 1,429 ரூபா. அவசரத்தால் வரும் பழுது இலாபத்தை எப்படித் தின்கிறது என்று பாருங்கள். இதில் திரும்பி வராத வாடிக்கையாளரின் கணக்கு சேரவில்லை.

"ஒரு நாள் சும்மா வைத்திருந்தால் வேலை பின்தங்குமே?" என்று கேட்கலாம். தொடக்கத்தில் மட்டும்தான் பின்தங்கும். திங்கட்கிழமை ஒரு தொகுதி அச்சிடுங்கள். செவ்வாய்க்கிழமை அது உறங்கும், நீங்கள் இரண்டாம் தொகுதியை அச்சிடுங்கள். புதன்கிழமை முதலாம் தொகுதியைக் கழுவி, மூன்றாம் தொகுதியை அச்சிடுங்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் ஒரு தொகுதி கழுவி முடியும். வேண்டியது சுருட்டி வைக்க ஓர் அலுமாரித் தட்டும், எந்தத் தொகுதி எப்போது அச்சிட்டது என்று எழுதி ஒட்டிய ஒரு துண்டுமே.

மாத்தளைக்கு உள்ள நல்ல பெயர்

நம் மாவட்டத்துக்கு இது புதிய துறையல்ல. நகரத்துக்கு வடக்கே அலுவிகாரையில் எனா டி சில்வா அம்மையார் (1922-2015) நடத்திய கைப்பணி நிலையத்தை அறியாதவர்கள் குறைவு. 1960களில் கொழும்பில் பத்திக் வேலையைத் தொடங்கி, பென்தோட்ட பீச் ஹோட்டலின் கூரைக்கு அவர் செய்த பத்திக் துணிகளால் புகழ்பெற்றார். 1980களில் அலுவிகாரைக்குத் திரும்பி வந்து, அயல் கிராமத்துப் பெண்களுக்கு பத்திக், தையல் பூவேலை முதலானவற்றில் தொழில் கொடுத்தார். கிராமத்து வீட்டுப் பெண்களின் கைவேலை வெளிநாட்டார் தேடி வரும் தரத்தில் இருக்க முடியும் என்பதற்கு நம் வாசலிலேயே இருக்கும் சாட்சி அது.

ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பத்திக் என்பது உருகிய மெழுகால் தடுத்துச் சாயத்தில் தோய்ப்பது. அதில் பூ துணியின் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரித் தெரியும். நாம் சொன்ன அச்சில் முன்பக்கம் பளிச்சென்றும் பின்பக்கம் மங்கலாகவும் இருக்கும். கண்டி - தம்புள்ளைப் பாதையில் வாசனைத் திரவியத் தோட்டங்களுக்கு வரும் உல்லாசப் பயணிகளிடம் இதைப் பத்திக் என்று சொல்லி விற்காதீர்கள். "கையால் அச்சிட்ட துணி" என்றே சொல்லுங்கள். அதற்கும் வாங்குபவர் உண்டு. சரக்கின் குறையை மறைத்து விற்பதை நம் மார்க்கம் அனுமதிப்பதில்லை என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை.

ஐரோப்பாவுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் இன்னொரு விடயம். சில தீங்கான அமைன்களை வெளிவிடும் அசோச் சாயங்களைத் தோலில் படும் துணிகளில் பாவிப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் சட்டமியற்றித் தடுத்தது. ஆகவே பெயரும் வகையும் எழுதப்படாத பொட்டலச் சாயத்தை மலிவு என்று வாங்க வேண்டாம். வாங்கிய பொட்டலத்தின் லேபலைக் கழற்றி ஒரு கொப்பியில் ஒட்டி வையுங்கள். நாளை ஒருவர் கேட்டால் காட்டலாம்.

முதலில் பெரிதாகச் செலவழிக்காதீர்கள். ஒரு சட்டம், ஒரே நிறம், 5 யார் கொட்டன். அதில் ஒரு துண்டை 4 மணித்தியாலத்திலும், ஒரு துண்டை 12 மணித்தியாலத்திலும், ஒரு துண்டை 24 மணித்தியாலத்திலும் கழுவி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் எழுதிய இவ்வளவையும் விட அந்த மூன்று துண்டும் தெளிவாகப் பேசும்.

நாலு மாதத்துக்குப் பின்னர் மனைவியையும் கூட்டிக்கொண்டு அந்தச் சகோதரியின் வீட்டுக்குப் போனேன். திரும்பி வந்த துணிகளுக்குரிய நட்டம் முழுவதையும் நான் ஏற்றுக்கொண்டேன். கடைக்கு வந்து கேட்டவர்களிடமும் பிழை யாருடையது என்று சொன்னேன். "திரும்ப அடிச்சித் தருவீங்களா தங்கச்சி?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை.

"தாரன் நானா. ஆனா திகதிய நான்தான் சொல்லுவன்" என்றார்.

அன்றிலிருந்து திகதியை அவர்தான் சொல்கிறார். பெருநாள் சாமானுக்கு இரண்டு மாதம் முந்தியே ஓடர் கொடுக்கிறேன். இதுவரை ஒரு துணியும் திரும்பி வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். வீட்டுக் கைத்தொழிலாளரிடம் சாமான் எடுக்கும் வியாபாரச் சகோதரர்களே, விலையைப் பேசுங்கள், அது நம் தொழில். திகதியை மட்டும் வேலை தெரிந்தவரிடமே விட்டுவிடுங்கள்.